மின்னலை நீட்டிப் பார்த்த கேமரா



பிற்பகல் மூன்று மணி. காலையிலிருந்து கொளுத்திய வெயில் மங்கிவிட்டது. மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. செம்பனை நிரையில் ஒருவர் அரிவாள் பூட்டிய நீண்ட அலுமினியக் கம்பத்தை உயர்த்திக் குலையின் காம்பில் மாட்டுகிறார். தூரத்தில் ஒரு வெளிச்சம். "கறுத்திருச்சு, ஏறி வாப்பா" என்று மண்டோர் குரல் கொடுக்கிறார். "இதோ வந்துட்டேன் அண்ணே, இன்னும் ரெண்டு குலைதான்" என்று பதில் வருகிறது.

அந்த இரண்டு குலையை வெட்டி இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? நாலைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மின்னல் மேகத்திலிருந்து தரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும்? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்த கருவியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். அதன் பெயர் ஸ்ட்ரீக் கேமரா. கண்ணுக்கு ஒரே ஒரு பளிச்சென்று தெரியும் வெளிச்சத்தை, முன்னது எது பின்னது எது என்று பிரித்து, ஒரு கோடாக நீட்டிக் காட்டும் கேமரா அது.

ஷா ஆலம், கிள்ளான், சுபாங் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு மின்னலை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்று ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரம். 1978-ஆம் ஆண்டில் அந்தத் தகுதி கிடைப்பதற்கு முன்னும், அதற்குப் பின் சில காலமும், அந்த வட்டாரம் பால்மரமும் செம்பனையும் நிறைந்த தோட்டப் பூமிதான். மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக் காற்று உள்ளே வருகிறது. வெயிலில் காய்ந்த தரை அதை மேலே தள்ளுகிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் அதை மறித்து மேலும் உயர்த்துகிறது. மாலையானால் இடி. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது உச்சத்துக்குப் போகும். பால்வெட்டுக்குப் போனவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். சில நாட்களில் விடியற்காலையிலேயே கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் இடியுமாக ஒரு வரிசை வந்து அடித்துவிட்டுப் போகும். நீரிணையைத் தாண்டி வருவதால் அதைச் 'சுமத்ரா' என்றே சொல்வார்கள். உலகிலேயே அதிகமாக இடி இடிக்கும் இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று.

இடி இடித்தால் நம் வீடுகளில் பெரியவர்கள் "அர்ஜுனா, அர்ஜுனா" என்பார்கள். ஒரு தடவை "அர்ஜுனா" என்று சொல்ல ஒரு விநாடி பிடிக்கும். 'அர்' என்ற எழுத்தைத் தாண்டுவதற்குள் மின்னல் மேகத்திலிருந்து இறங்கி, தரையைத் தொட்டு, திரும்பி மேலேறி முடித்திருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. கண்ணால் பார்த்து அதை யாரும் அறிய முடியாது.

ஏன் முடியாது? ஒரு காட்சி கண்ணில் பட்டால், அது மறைந்த பிறகும் விநாடியில் ஒரு சிறு பங்கு நேரம் கண்ணிலேயே தங்கி நிற்கிறது.  அந்தச் சிறு பங்குக்குள் பத்து காரியம் நடந்தாலும், கண் எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஒரே காட்சியாகத்தான் காட்டும். சாதாரணக் கேமராவும் அப்படியே. மின்னலைப் படம் எடுத்தால் வேர்போலக் கிளைவிட்ட ஓர் அழகான கோடு கிடைக்கும். அதில் எந்த இடம் முதலில் எரிந்தது, எது பிறகு எரிந்தது என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு என்ன வழி? ஒரு பால் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியின் அடியில் ஊசித் துளை. பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. வாளியைத் தூக்கியவர் ஒரே இடத்தில் நின்றால், தரையில் ஒரு திட்டுத்தான் இருக்கும். பத்துச் சொட்டு விழுந்ததா, நூறு விழுந்ததா, விட்டுவிட்டு விழுந்ததா, தொடர்ந்து விழுந்ததா என்று ஒன்றும் தெரியாது. அவரே நடந்துகொண்டிருந்தால்? சொட்டுகள் வழிநெடுகக் கோடாக விழும். நெருங்கி விழுந்த இடத்தில் பால் வேகமாகச் சொட்டியிருக்கிறது. இடைவெளி உள்ள இடத்தில் சற்று நின்றிருக்கிறது. அவர் நடந்த வேகம் நமக்குத் தெரிந்தால் போதும். தரையில் அடிக்கோல் வைத்து அளந்தே, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையில் எத்தனை விநாடி என்று சொல்லிவிடலாம். சொட்டுகள் மிக விரைவாக விழுந்தால், நடப்பதற்குப் பதில் ஓட வேண்டும். அவ்வளவுதான். நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறோம். ஸ்ட்ரீக் கேமராவின் முழு இரகசியமும் இந்த வாளிக்குள் அடங்கிவிடும்.

இந்த உபாயத்தை ஒளிக்கு முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். 1834-இல் அவர் லண்டனில் விநாடிக்கு 800 தடவை சுழலும் சிறு கண்ணாடி ஒன்றைச் செய்து, மின்பொறியின் பிம்பத்தை அதில் பார்த்தார். கண்ணாடி சுழலச் சுழலப் பிம்பம் நகர்கிறது அல்லவா? அரை மைல் நீளக் கம்பியின் இரண்டு முனைகளிலும் நடுவிலும் பொறி பறக்கும்படி வைத்து, நடுப் பொறி மற்ற இரண்டைவிடச் சற்றுப் பிந்துகிறது என்று கண்டார். அதைக்கொண்டு மின்சாரத்தின் வேகத்தைக் கணக்கிட்டார். அந்தக் கணக்கு பிழையானது. வேகம் அளவுக்கு மீறி வந்துவிட்டது. கணக்குப் பிழைத்தாலும் வழி பிழைக்கவில்லை. சுழலும் கண்ணாடி விஞ்ஞானிகளின் மேசையில் நிலைத்துவிட்டது.

மின்னலுக்கென்றே கேமரா செய்தவர் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற மற்றோர் ஆங்கிலேயர். வேடிக்கையான மனிதர். உருக்கிய படிகக் கல்லை ஓர் அம்பின் வாலில் ஒட்டவைத்து, வில்லால் எய்து, மயிரைவிட மெல்லிய இழை இழுத்தவர். சோப்புக் குமிழியைப் பற்றிப் புத்தகம் எழுதியவரும் இவரே. 1900-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு வட்டத் தட்டின் இரு ஓரங்களிலும் இரண்டு லென்ஸ்களைப் பொருத்தி, தட்டை வேகமாகச் சுழலவிட்டார். பின்னால் படத்தகடு அசையாமல் நிற்கும். வாளியைத் தூக்கி நடக்கும் வேலையை இங்கே லென்ஸ் செய்கிறது. ஒரு லென்ஸ் மேலே வலப்பக்கம் போகும்போது மற்றது கீழே இடப்பக்கம் போகும். ஆகையால் ஒரே மின்னல் இரண்டு படமாக, எதிர் எதிர்ப் பக்கம் சாய்ந்து விழும். மின்னல் இயல்பாகவே வளைந்திருந்தால் இரண்டு படத்திலும் ஒரே பக்கம் வளைந்திருக்கும். நேரம் கடந்ததால் ஏற்பட்ட சாய்வு மட்டும் எதிர் எதிராக இருக்கும். எது வடிவம், எது நேரம் என்று பிரிக்க இதைவிட எளிய வழி ஏது!

ஆனால் மின்னல் மனிதன் சொன்ன இடத்தில் விழுமா? பாய்ஸ் தம் கேமராவைக் கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மனத்துக்குப் பிடித்த படம் கிடைத்தது 1928-இல், அதுவும் அமெரிக்காவில். அதன் பிறகு, 1930-களில், தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷோன்லாந்து என்பவரும் அவருடைய துணைவர்களும் இந்தக் கேமராவை எடுத்துக்கொண்டார்கள். ஜோகானஸ்பர்க் பீடபூமியில் கோடைக்காலத்தில் இடிக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எடுத்த படங்களில்தான் மின்னல் தன் கதையைச் சொல்லத் தொடங்கியது.

அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், மேகத்திலிருந்து ஒரு மங்கலான ஒளி இறங்குகிறது. அது ஒரே பாய்ச்சலாக வருவதில்லை. படியிறங்குவதுபோல் வருகிறது. சில பத்து மீட்டர் பாய்கிறது; நிற்கிறது; மறுபடி பாய்கிறது. ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நிற்பது ஏறத்தாழ ஐம்பது மைக்ரோ விநாடி. ஒவ்வொரு படியிலும் திசை சற்று மாறலாம். அதனால்தான் மின்னல் கோணல் மாணலாக இருக்கிறது. கிளைகளும் அப்போதே பிரிகின்றன. இப்படி மேகத்திலிருந்து தரைவரை வந்து சேரச் சுமார் இருபது மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு பிடிக்கிறது. இதைப் 'படியிறங்கும் முன்னோடி' என்று சொல்லலாம். நம் கண்ணுக்கு இது தனியாகத் தெரிவதே இல்லை.

முன்னோடி தரைக்கு மேல் சில பத்து மீட்டர் உயரத்துக்கு வந்ததும் கீழே உள்ளவை விழித்துக்கொள்கின்றன. உயர்ந்த மரம், கூரை முனை, விளக்குக் கம்பம், திடல் நடுவில் நிற்கும் மனிதன், இவற்றின் உச்சியிலிருந்து மேல்நோக்கிச் சிறு ஒளியிழைகள் கிளம்புகின்றன. இறங்கி வருவதும் ஏறிப் போவதும் சந்தித்த கணத்தில் வழி முடிந்துவிட்டது. உடனே, அந்த வழியே, கீழிருந்து மேல்நோக்கிப் பெரும் வெளிச்சம் பாய்கிறது. அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. படத்தகட்டில் முன்னோடி சாய்ந்து கிடக்க, இந்தத் திரும்படி மட்டும் ஏறத்தாழ நேராக நிற்கிறது. லென்ஸ் நகர நேரமே கிடைக்கவில்லை! நாம் 'மின்னல்' என்று பார்ப்பது இந்தத் திரும்படியைத்தான். மேலிருந்து விழுவதாக நாம் நினைக்கும் வெளிச்சம் உண்மையில் கீழிருந்து மேலே போகிறது. அதில் ஓடும் மின்சாரம் சாதாரணமாக முப்பதாயிரம் ஆம்பியர். வழியின் வெப்பம் முப்பதாயிரம் டிகிரி அளவுக்கு ஏறும். அந்த வெப்பத்தில் காற்று வெடித்து விரிவதே இடியோசை.

கதை அத்தோடு முடியவில்லை. நாற்பது, ஐம்பது மில்லி விநாடி இடைவெளி விட்டு, அதே வழியில் இன்னொரு முன்னோடி இறங்குகிறது. இம்முறை படியெல்லாம் இல்லை. வழி சூடாக இருக்கிறது, அம்புபோல் நேராக வருகிறது. மறுபடியும் ஒரு திரும்படி. இப்படி ஒரே மின்னலில் மூன்று நான்கு அடிகள் இருப்பது சாதாரணம். மின்னல் துடிப்பதுபோல் சில சமயம் நமக்குத் தோன்றுவது இதனால்தான். "இடி விழுந்த இடத்தில் மறுபடி விழாது" என்று சொல்பவர்களை ஷோன்லாந்தின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அரை விநாடிக்குள் அதே இடத்தில் நாலு தடவை விழுந்திருக்கிறது. அதுவும் போதாதென்று, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத மின்னல்கள், அடுத்த அடியில் வழி மாறி வேறோர் இடத்திலும் தரையைத் தொடுகின்றன என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

பாய்ஸ் கேமராவுக்கு மின்னல் ஒரு வகையில் வசதியான பொருள். மின்னலே ஒரு கோடு. கோட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் நேரம் தெரிந்துவிடும். மற்ற வெளிச்சங்களுக்கு அப்படி அமையாது. அகலமான காட்சியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஆகையால் கேமராவின் முன் மெல்லிய பிளவு ஒன்றை வைத்து, காட்சியிலிருந்து ஒரே ஒரு கோட்டை மட்டும் உள்ளே விடுகிறார்கள். ஸ்ட்ரீக் கேமராவின் பலமும் பலவீனமும் இதுவே. ஒரு கோட்டைத்தான் பார்க்கும். ஆனால் அந்தக் கோட்டில் நடப்பதை வேறெந்தக் கேமராவும் பார்க்காத வேகத்தில் பார்க்கும்.

எவ்வளவு வேகத்தில்? லென்ஸையும் கண்ணாடியையும் எவ்வளவு சுழற்றினாலும் ஓர் எல்லைக்கு மேல் அவை உடைந்துவிடும். வாளியைத் தூக்கியவர் எவ்வளவுதான் ஓடுவார்? அந்த இடத்தில்தான் மின்னணுக்கள் வந்து சேர்ந்தன. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை நினைவிருக்கிறதா? பின்பக்கம் பெருத்து, அறையின் மூலையை அடைத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். அதன் கண்ணாடிக் குழாயின் பின்முனையிலிருந்து மின்னணுக் கற்றை ஒன்று புறப்பட்டு, திரையில் இடமும் வலமும் விளக்குமாறுபோல் பெருக்கிக்கொண்டே இருக்கும். பட்ட இடம் ஒளிரும். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ் ஏறிப்போய், இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குத் திருகாணி முடுக்கியவர்கள். அவர்களுக்கு ஸ்ட்ரீக் கேமராவின் உள்ளுறுப்பைப் புரியவைப்பது சுலபம். அந்தக் குழாயின் ஒன்றுவிட்ட தம்பிதான் இது.

பிளவு வழியாக வந்த ஒளி, குழாயின் முன்முனையில் பூசிய மெல்லிய படலத்தில் படுகிறது. ஒளி பட்டதும் அந்தப் படலம் மின்னணுக்களை உதிர்க்கிறது. முதலில் வந்த ஒளிக்கு முதலில், பின்னால் வந்த ஒளிக்குப் பின்னால், வரிசை மாறுவதில்லை. இந்த மின்னணுக்கள் குழாயில் பறந்து போகும்போது, பக்கத்தில் வைத்த இரண்டு தகடுகளில் மின்னழுத்தம் சட்டென்று ஏறுகிறது. முன்னால் போனவை ஒரு பக்கமும், பின்னால் வந்தவை மறுபக்கமும் திரும்புகின்றன. திரையில் விழும்போது ஒளியின் வரிசை ஒரு தடமாகப் பரந்து கிடக்கிறது. மின்னணுவுக்கு எடை இல்லாத குறைதான்; எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் திருப்பலாம். இத்தகைய குழாயைக் கொண்டு எவ்வளவு குறுகிய நேரம்வரை அளக்கலாம் என்று 1950-களிலேயே ரஷ்யாவில் கணக்குப் போட்டுவிட்டார்கள். 1970-களில் பெல்ஃபாஸ்டிலும் பிறகு லண்டனிலும் டேனியல் பிராட்லி என்பவர் பிக்கோ விநாடியை எட்டும் கேமராக்களை உருவாக்கினார்.

பிக்கோ விநாடி என்பது என்ன? ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு. ஒரு விநாடிக்கு ஒரு பிக்கோ விநாடி எப்படியோ, ஏறத்தாழ 31,700 ஆண்டுகளுக்கு ஒரு விநாடி அப்படி. விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, ஒரு பிக்கோ விநாடியில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. இன்றைய சிறந்த ஸ்ட்ரீக் கேமராக்கள் அந்தத் துண்டையும் மேலும் பிளக்கின்றன.

இந்தியாவில் நாசிக் நகரில் பிறந்த ரமேஷ் ரஸ்கர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தில் தம் குழுவினரோடு 2011-இல் ஒரு காரியம் செய்தார். ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் லேசர் ஒளித் துடிப்பை விட்டு, அது புட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்து போவதையே படமாகக் காட்டினார். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஸ்ட்ரீக் கேமராதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கேமரா ஒரு கோட்டைத்தான் பார்க்கும் என்றோம் அல்லவா? அதனால் லட்சக்கணக்கான துடிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு, கோடு கோடாகப் பார்த்து, பாய் பின்னுவதுபோல் சேர்த்துத்தான் அந்தப் படத்தை உண்டாக்கினார்கள். நாம் அதில் பார்ப்பது ஒரே ஒளித் துடிப்பின் பயணமல்ல. சொல்லாமல் விட்டால் பாதி உண்மையாகிவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இதைவிட நெருக்கமான ஒரு வேலையையும் இந்தக் கேமரா செய்திருக்கிறது. பால்மரமோ செம்பனையோ, எல்லாச் செல்வமும் பச்சை இலையில் வெயில் படுவதிலிருந்து தொடங்குகிறது. வெயிலை வாங்கிய பச்சையம் அந்தச் சக்தியைப் பக்கத்திலுள்ள பச்சையத்துக்குக் கைமாற்றுகிறது. நூற்றுக்கணக்கானவை சேர்ந்து ஒரு மையத்துக்கு அனுப்புகின்றன. வாளி வாளியாகப் பால் கொட்டகைக்குப் போவதுபோலத்தான். வழியில் சிந்தும் சிறு பங்கு, மங்கலான சிவப்பு ஒளியாக இலையிலிருந்து வெளியே வருகிறது. 1970-களில் லண்டனில், வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் போர்ட்டரும் உடன் உழைத்தவர்களும் அந்தச் சிவப்பு ஒளி எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று ஸ்ட்ரீக் கேமராவால் அளந்தார்கள். சில நூறு பிக்கோ விநாடிக்குள் கைமாற்றம் எல்லாம் முடிந்துவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இப்படிப்பட்ட அதிவிரைவு நிகழ்ச்சிகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் ஏற்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளை ஒன்று நாளை அப்படி ஒரு மேசைக்கு முன் உட்காரக்கூடும்.

இனி செம்பனை நிரைக்குத் திரும்புவோம். அங்கே கம்பத்தோடு நிற்பவருக்குப் பிக்கோ விநாடி தேவையில்லை. பாய்ஸும் ஷோன்லாந்தும் கண்ட மில்லி விநாடியே போதும்.

முன்னோடி இறங்கி வர இருபது மில்லி விநாடி. மனிதன் கண் இமைக்க அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே 'வருவதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வேன்' என்பது நடக்காத காரியம். இரண்டாவது, மின்னல் எங்கே விழும் என்பது மேகத்தில் முடிவாவதில்லை; கடைசிச் சில பத்து மீட்டரில் முடிவாகிறது. அலுமினியக் கம்பமோ, கையிலுள்ள பாராங்கோ, கைப்பேசியோ ஒரு மைல் தூரத்திலிருந்து மின்னலை இழுத்து வராது. ஆனால் கடைசிப் பாய்ச்சலின் வட்டத்துக்குள் நாம் இருந்தால், உயரமும் முனையும்தான் பேசும். மரத்தின் கொண்டையில் இறங்கிய மின்சாரத்தை நம் கைக்குக் கொண்டுவர அந்தக் கம்பத்தைவிட நல்ல வழி அதற்குக் கிடைக்காது.

கட்டடங்களிலும் இப்படியே. ஹர்த்தோனோ, ரோபியா என்ற மலேசிய ஆராய்ச்சியாளர்கள் இருவர் கோலாலம்பூர் வட்டாரக் கட்டடங்களில் இடி விழுந்து பெயர்ந்த இடங்களைப் பல ஆண்டுகள் படம் எடுத்துத் தொகுத்தார்கள். மிகப் பெரும்பாலானவை கூரையின் மூலைகளிலும் துருத்திய முனைகளிலும் இருந்தன. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் மின்னல் பாதுகாப்புக்கென ஓர் ஆராய்ச்சி மையம் இயங்கியிருக்கிறது. நம் ஊர் மின்னலை நம் ஊரிலேயே ஆராய்வது நல்லதுதானே.

மரத்தடியில் ஒதுங்குவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழக்கம். இடி விழுந்த செம்பனையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு மரம் மட்டும் வாடுவதில்லை; சுற்றியுள்ள சில மரங்களும் வாடுகின்றன. மரத்திலிருந்து பக்கத்துக்குப் பாய்வதும், வேர்வழியாகத் தரையில் பரவுவதும் உண்டு. அந்த வட்டத்துக்குள் நிற்பவர் மரத்தைத் தொடவேண்டும் என்றில்லை. நாலு கால் நட்டு, தகரம் போட்ட திறந்த கொட்டகை மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய வீடு, அல்லது கண்ணாடியை ஏற்றி மூடிய இரும்புக் கூரை வேன், லாரி இவைதான் புகலிடம். டிராக்டர் இருக்கை புகலிடமல்ல.

எப்போது ஏறி வரவேண்டும்? வெளிச்சத்தைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று விநாடி பிடிக்கும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் தலைக்கு மேலேயே இருக்கலாம். மழை விழுந்துகொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கம்பத்தைத் தரையில் கிடத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கடைசி இடியைக் கேட்டு முப்பது நிமிடம் ஆன பிறகே திரும்பலாம்.

முப்பது நிமிடம் என்று வானொலியில் சொல்வது சுலபம். குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு முப்பது நிமிடம் என்பது காசு. அதனால்தான் "இன்னும் ரெண்டு குலை" என்கிறார். அவரை அறியாதவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்த அரை மணியின் கூலி யாருடைய கணக்கில் எழுதப்படும் என்பதைத் தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தால், மண்டோர் இரண்டாம் தடவை குரல் கொடுக்க வேண்டியிருக்காது. இன்று அந்த நிரையில் நிற்பவர் நம்மவராக இருக்கலாம். இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். மின்னலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

ஒருவேளை யாராவது அடிபட்டுவிட்டால், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பயந்து விலகி நிற்காதீர்கள். தங்கியிருக்காது, உடனே தொடலாம். மின்னல் அடித்தவர்களில் பலர் இறப்பது இதயமும் மூச்சும் நின்றுபோவதால்தான். தூக்க முடிந்தால் மரத்தைவிட்டு அப்புறப்படுத்துங்கள். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள். ஒருவர் அழுத்தட்டும், மற்றவர் 999-க்கு அழைக்கட்டும், இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தோட்டத்துச் சாலை முனைக்கு ஓடட்டும்.